பூண்டுக் கட்டுரையும் யாரெழுதுனக்காவும்

கொடைக்கானலில் மூடுபனி இறங்கினால் ஏரி மறைந்துவிடும், எதிரே வரும் ஜீப் மறைந்துவிடும், கையில் பிடித்திருக்கும் டீ டம்ளர்கூடச் சில சமயம் மறைந்துவிடும். ஆனால் ஒரே ஒரு வரியை எழுதி எங்காவது ஒட்டிவிட்டு, எழுதியது யார் என்று சொல்லாமல் அந்த ஊரில் ஒருவரும் மறைந்துவிட முடியாது. யாரெழுதுனக்கா விடமாட்டார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை வார்டன் மட்டும்தான் சொல்வார், அதுவும் திட்டும்போது. மற்ற எல்லாருக்கும் அவர் யாரெழுதுனக்காதான். "இத யாரெழுதுனா?" என்று அவர் ஓயாமல் கேட்டதும், "அக்கா, ஆளை விடுங்க" என்று நாங்கள் ஓயாமல் கெஞ்சியதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உண்டான பெயர் அது.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு குளியலறை வாசலில். தமிழ் எம்.ஏ. படிக்க மலையேறி, அட்டுவம்பட்டியில் பெண்கள் தங்கும் விடுதிக்குள் படுக்கையும் பெட்டியுமாக நுழைகிறேன். கண்ணாடி போட்ட ஒல்லியான பெண்மணி ஒருவர், கையில் வாளியோடு, குளியலறைக் கதவை உற்றுப் பார்த்தபடி நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஆளுக்கொரு வாளியோடு ஒரு வரிசை கூச்சல் போடுகிறது. கதவில் ஓர் அறிவிப்பு: 'வெந்நீர் விலைமதிப்பற்றது. வீணாக்காதீர்.'

"இத யாரெழுதுனா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியலைங்க. இப்பத்தான் வர்றேன்."

"நீ எழுதலல்ல?"

"இல்லைங்க."

"அப்ப ஒன்ன விட்டுறலாம்" என்று பெரிய மனது பண்ணி என்னை விடுவித்தார்.

வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள். "யக்கா, வெந்நி ஆறுது! யாரெழுதுனா ஒங்களுக்கென்ன? வெரசா குளிச்சிட்டு வாங்க!"

"குளியல் எங்கடீ போகப் போகுது? இது வார்டன் எழுதுனது இல்ல. அவங்களுக்கு 'வீணாக்காதீர்' வராது. அவங்க எழுதுனா 'வீணாக்கினால் நடவடிக்கை எடுக்கப்படும்'னு வரும். இது வேற கை."

அடுத்த வாரத்துக்குள் துப்புத் துலக்கிவிட்டார். ஒட்டியது ஹீட்டர் மாட்டிய பிளம்பர். அவர் மகள் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்த வரியில் 'தண்ணீ'ரை 'வெந்நீ'ராக மாற்றியிருக்கிறார். மகளுக்கு எழுதிக் கொடுத்தது டீச்சர். டீச்சருக்கு அந்த வரி ஒரு லாரியின் பின்பக்கத்தில் கிடைத்தது. லாரி வத்தலக்குண்டுப் பக்கம் ஓடுகிறது. அத்தோடு அக்கா விட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அந்த மாதம் முழுக்க மார்க்கெட்டில் காய்கறி ஏற்ற வந்த லாரிகளின் பின்னால் போய்க் குனிந்து நின்றார். டிரைவர்கள் இவரை ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆள் என்று நினைத்து, கேட்காமலே லைசென்சை நீட்டினார்கள்.

இதெல்லாம் கிறுக்கு அல்ல, ஆராய்ச்சி. சமவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, முப்பத்தைந்து வயதுக்கு மேல் பிஎச்.டி. செய்ய வந்தவர் அவர். ஒரு நூலுக்கு, ஒரு கட்டுரைக்கு, ஒரு பாட்டுக்கு ஆசிரியர் என்று யாரைச் சொல்கிறோம், ஒவ்வொரு படிப்பும் அதை எப்படி முடிவு செய்கிறது என்பதுதான் தலைப்பு. எனவே நாங்கள் படித்த தனியார் கல்லூரியில் அவர் நுழையாத துறை கிடையாது. பெயர் வேண்டாம், அந்தக் கல்லூரி இப்போது திருந்திவிட்டது.

முதலில் இயற்பியல் துறை. ஒரு கட்டுரையைக் காட்டினார்கள். கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று சித்தப்பா பெரியப்பா பேரன் பேத்தி வரை போடுவார்களே, அதுபோல முதல் பக்கம் பூராவும் பெயர்கள்.

"இதுல எழுதுனது யாருங்க?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும் ஒரே பேனாவைப் பிடிச்சா எழுதுனாங்க?"

பேராசிரியருக்கு வகுப்பு இருந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

கணக்குத் துறையில் பெயர்களை அகர வரிசையில் போடுவார்கள், பெரியவர் சின்னவர் கிடையாது என்றார்கள். அக்காவுக்குப் புல்லரித்துவிட்டது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எங்களை அகர வரிசையில் உட்காரச் சொன்னார். விசாலாட்சிக்கு ரசம் மட்டும்தான் மிஞ்சியது.

சட்டம் படித்தவர் ஒருவர், வேலைக்கு வைத்து எழுதச் சொன்னால் எழுதியவர் ஒருவராகவும் உரிமைக்காரர் இன்னொருவராகவும் இருக்கலாம் என்று விளக்கினார். "வாடகைத் தாய் மாதிரிங்களா?" என்றார் அக்கா. அவர் ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார். கம்ப்யூட்டர் துறையில், மாணவிகள் ஏ.ஐ. மெஷினிடம் கேட்டு வாங்கிய கட்டுரைகளை அள்ளிக்கொண்டு வந்தார். அத்தனையும் 'இன்றைய வேகமான உலகில்' என்று தொடங்கின. "பூராம் ஒரே வயித்துப் பிள்ளைக" என்று வாஞ்சையோடு தடவிக் கொடுத்தார்.

ஆனால் அவரைக் கவிழ்த்தது எங்கள் தமிழ்த் துறைதான். பழம்பாட்டுகளில் புலவரின் பெயர் தெரியாமல் போனால், அவர் பாட்டில் வந்த ஒரு நல்ல தொடரையே அவருக்குப் பெயராக வைத்துவிடுவார்கள் என்று நான் சொல்லித் தொலைத்தேன். அக்கா எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். மறுநாள் முதல் விடுதியில் யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. மெஸ் புகார்ப் புத்தகத்தில் 'தயிர்சாதத்துக்கு மோர்மிளகாய் வேண்டும்' என்று எழுதியிருந்த நான் மோர்மிளகாயார் ஆனேன். ஒன்பது மணிக்குமேல் கதவடைக்கப்படும் என்று எழுதிய வார்டன் கதவடைப்பார் ஆனார். என் அறைத் தோழி பாத்திமா, மலைப்பூண்டில் வரும் அழுகல் நோயைப் பற்றித் தாவரவியலில் ஆராய்ச்சி செய்தவள், பூண்டழுகலார் ஆனாள்.

"அக்கா, மாப்பிள்ள வீட்டுல கேள்விப்பட்டா என்ன நெனப்பாங்க?" என்று அழுதாள் பாத்திமா.

"புலவர்னு நெனப்பாங்கடீ!"

இந்தப் பாத்திமா பூண்டு பார்க்க அடிக்கடி போளூர் போவாள். கொடைக்கானலைத் தாண்டி மேல்மலையில் உள்ள கிராமம். ஒருமுறை அக்காவும் தொற்றிக்கொண்டார். அங்கே பூண்டு பிடுங்கும்போது பெண்கள் ஒரு பாட்டுப் பாடுவார்கள், அதைக் கட்டியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வேடிக்கை பார்க்க நானும் போனேன். ஜீப்பை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்ட பெரியவரிடம் அக்கா கும்பிட்டுச் சொன்னார்.

"ஐயா, நான் ஆசிரியரப் பத்தி ஆராய்ச்சி பண்ண வந்திருக்கேன்."

நூலாசிரியரைத்தான் சொன்னார். பெரியவருக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர்தான், பள்ளிக்கூட வாத்தியார்.

"வாங்கம்மா, வாங்க! பெட்டிசன் போட்டு எம்புட்டு நாளாச்சு, இப்பத்தேன் வர்றீகளா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு ஒரே ஆனந்தம். இவ்வளவு ஆர்வமுள்ள ஊரா! "ஆசிரியரப் பத்தி ஒங்க கருத்து என்னங்க?"

"என்னத்தச் சொல்ல? ஆசிரியர்னு ஒருத்தரு இருக்காரா இல்லையான்னே தெரியல."

அக்கா என் பக்கம் திரும்பி, கண்கள் பளபளக்க, "கேட்டியா மோர்மிளகாயாரே!" என்றார். ஒரு நூல் வெளியே வந்துவிட்டால் அதை எழுதிய ஆசிரியர் செத்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று படித்தவர்களில் ஒரு கட்சி உண்டாம். அந்தக் கட்சிக்கு மேல்மலையில் கிளை இருப்பது அவருக்கு இதுவரை தெரியாது. நோட்டைத் திறந்துகொண்டு கேட்டார்.

"ஐயா, அப்ப ஆசிரியர் செத்துட்டாருங்கிறீங்களா?"

"அப்பிடித்தாம்மா நெனச்சோம். போன வாரம் பஸ்ஸுல பாத்தோம், நல்லாத்தேன் இருக்காரு."

விஷயம் புரிவதற்குள் ஊர் கூடிவிட்டது. விசாரிக்க அதிகாரி வந்திருப்பதாகச் சேதி எட்டியதும் வாத்தியார், சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டு, மேட்டிலிருந்து ஓடி வந்தார். எங்களுக்கு டீயும் பிஸ்கட்டும் வந்தன. பிள்ளைகளைக் கூப்பிட்டு வாய்ப்பாடு சொல்ல வைத்தார். அக்கா நூறு தடவை சொல்லிப் பார்த்தார், "சார், நான் தேடுறது ஒங்கள இல்ல." "தெரியுதுங்க மேடம், நீங்க வந்த சோலிய நேரா சொல்ல மாட்டீங்க" என்றார் அவர், வியர்வையைத் துடைத்தபடி. அதற்கப்புறம் அவர் வெள்ளனே முதல் ஆளாகப் பள்ளிக்கு வந்ததாகப் பாத்திமா சொன்னாள். எங்கள் கல்லூரி ஆராய்ச்சிகளில் நேரடிப் பலன் கொடுத்த முதல் ஆராய்ச்சி அதுவாகத்தான் இருக்கும்.

பாட்டு விஷயம்தான் கெட்டுப்போனது. பூண்டுக் காட்டில் அக்கா கேட்ட ஒரே கேள்விக்கு இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"அது எங்காத்தா கட்டுனது" என்றாள் ஒருத்தி.

"ஒங்காத்தாளுக்குப் பாட்டா? அவளுக்கு இருமத்தான் தெரியும். கட்டுனது எஞ் சின்னாத்தா!"

அதுவரை ஒரே குரலில் பாடிக்கொண்டிருந்த காடு இரண்டாகப் பிரிந்தது. மேட்டுத் தெருவும் பள்ளத் தெருவும் மண்கட்டியோடு எழுந்து நின்றன. நாங்கள் கிடைத்த வண்டியில் முட்டைக்கோசு மூட்டைகள் மேல் ஏறித் தப்பினோம். வழியெல்லாம் அக்கா குலுங்கியபடி சொல்லிக்கொண்டே வந்தார். "பாத்தியாடீ? பேருக்கு எம்புட்டு மதிப்பு!"

அந்த மதிப்பு எவ்வளவு என்பது சீக்கிரமே எங்கள் அறைக்குள்ளேயே தெரிந்தது.

பாத்திமாவின் வழிகாட்டிப் பேராசிரியருக்கு மாணவிகள் வைத்த பெயர் மப்ளர் சார். வெயில் நாளிலும் கழுத்தில் மப்ளர் இருக்கும். பாத்திமா இரண்டு வருடம் போளூர் மண்ணில் புரண்டு, பூண்டை வெட்டிப் பார்த்து, கண்ணெரிய எழுதிய கட்டுரையை அவர் ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தார். அவர்கள் ஏற்றுக்கொண்டு, அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கச் சொல்லிப் பிரதியை அனுப்பியிருந்தார்கள். பழனிக் கடைவீதியில் பேரீச்சம்பழக் கடை வைத்திருக்கும் பாத்திமாவின் அத்தா, "எம் மக பேரு வெளிநாட்டுப் பத்திரிகையில வரப்போகுது" என்று, மலைக்கு வந்த பக்தர்கள் உட்பட எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தார்.

பிரதியில் ஆசிரியர்கள் மூவர். மப்ளர் சார். மப்ளர் சாரின் மனைவி. கல்லூரி முதல்வர். பாத்திமாவின் பெயர் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது: 'பூண்டு கொண்டுவர உதவிய ஜீப் ஓட்டுநருக்கும் செல்வி பாத்திமாவுக்கும் நன்றி.' ஜீப் ஓட்டுநருக்குத்தான் முதல் நன்றி.

பாத்திமா அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "அத்தாட்ட என்ன சொல்லுவேன்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அக்கா எழுந்து செருப்பைப் போட்டார். போட்ட வேகத்தில் ஒரு செருப்பு என்னுடையது.

பாத்திமா ஓடிப்போய்க் கதவை மறித்தாள். "வேணாம்க்கா. சண்டை போட்டுறாதீங்க. என் ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட வேண்டியது அவருதான். இழுத்தடிச்சாருன்னா நான் பூண்டு விக்கத்தான் போகணும்."

அக்கா என் செருப்பைக் கழற்றி வைத்தார். "சரி. சண்டை போடல. கோவமா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கேள்வி கேக்கலாமில்ல?"

"என்ன கேள்வி?"

"எப்பவும் கேக்குறதுதான்டீ."

அந்த வாரமே கல்லூரியில் ஒரு கருத்தரங்கு அறிவிக்கப்பட்டது. 'ஆசிரியர் யார்? துறைகள் தோறும் ஒரு தேடல்.' அக்காவின் ஏற்பாடு. தலைமை, முதல்வர். சிறப்புரை, மப்ளர் சார். பேனர் அடித்த கடைக்காரர் 'ஆசிரியர்' என்ற சொல்லைப் பார்த்ததும் தானாகவே ஒரு கரும்பலகை, ரோஜாப்பூ, 'எழுத்தறிவித்தவன் இறைவன்' எல்லாம் சேர்த்து அடித்துவிட்டார். பேனரைப் பார்த்த மப்ளர் சார், தமக்குத்தான் பாராட்டு விழா என்று முடிவு செய்து, பட்டு மப்ளரில், மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அந்த அம்மாவையும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தார் அக்கா.

அரங்கம் நிறைந்திருந்தது. விடுதியே வந்திருந்தது. பாத்திமா கடைசி வரிசையில், முக்காட்டுக்குள் முகத்தைப் பாதி மறைத்து உட்கார்ந்திருந்தாள்.

மப்ளர் சார் பிரமாதமாகப் பேசினார். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "பேர் போடுறதுங்கிறது அலங்காரம் இல்லை, அது பொறுப்பு! மண்ணைத் தொடாதவன் மண்ணைப் பற்றி எழுதக் கூடாது. ஒரு கட்டுரையில் யார் யார் பேர் இருக்கோ, அவங்க ஒவ்வொருத்தரும், எந்த வரியைக் கேட்டாலும் எழுந்து நின்று பதில் சொல்லணும்!" என்று மேசையைத் தட்டினார். கைதட்டல் அடங்கிய பிறகும் ஒரு ஜோடிக் கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. அது அக்காவின் கை.

"சார் சொன்னதவிட ஒருத்தர் நல்லாச் சொல்ல முடியாதுங்க" என்று மைக்கைப் பிடித்தார். குரலில் தேன். "சாரோட பூண்டு அழுகல் கட்டுரையையே உதாரணமா எடுத்துக்குவோமா? நம்ம பாக்கியம், அதோட ஆசிரியர்க மூணு பேருமே இங்க இருக்காங்க! மொதல்ல முதல்வர் ஐயா. ஐயா, அந்த ஆராய்ச்சியில ஒங்க பங்கு பத்தி ரெண்டு வார்த்தை."

முதல்வர் தமக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

"நானா? பூண்டா? நான் பூண்டே சாப்பிடுறது இல்லையேம்மா. வயித்துக்கு ஒத்துக்காது."

அரங்கில் ஒரு சிறு சலசலப்பு. அக்கா முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. "தன்னடக்கம்" என்று மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, மைக்கை முதல் வரிசைக்கு நீட்டினார். "அம்மா, நீங்க?"

மப்ளர் சாரின் மனைவி நல்ல பெண்மணி. "எம்பேரா? அய்யய்யோ! வீட்டுல பூண்டு உரிக்கிறது நான்தாங்க, இல்லங்கல. அதுக்கெல்லாமா பேரு போடுவாங்க?" என்றவர் கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

சிரிப்பு கூரையைத் தொட்டது. மப்ளர் சார் மப்ளரைத் தளர்த்தினார். "இது வந்து... எல்லாத் துறையிலும் உள்ள ஒரு மரபு..."

"சரிங்க சார், விடுங்க. நீங்க இருக்கீங்களே, அது போதும்" என்றார் அக்கா. "கட்டுரையில ஒரு எடம் எனக்குப் புரியல. பள்ளத்து வயல்லதான தண்ணி தேங்கும்? அங்கதான அழுகணும்? ஆனா மேட்டுத் தெரு வீடுக பூண்டுதான் மொதல்ல அழுகுதுன்னு போட்டிருக்கு. அது ஏன் சார்?"

மப்ளர் சார் தொண்டையைக் கனைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். கூரையைப் பார்த்தார். அப்புறம், அவரை அறியாமலே, இரண்டு வருடப் பழக்கத்தில், அவர் கண்கள் கடைசி வரிசைக்குப் போயின.

"பாத்திமா... அத நீ சொல்லேன்மா."

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே கேட்டது.

பாத்திமா எழுந்தாள். "அது வயல்ல இல்லைங்க சார். வெதப்பூண்டுல இருக்கு. அந்தக் காலத்துல அடுப்புக்கு மேல பரண்ல கட்டித் தொங்க விடுவாங்க, புகை ஏறி ஏறி அழுகல் அண்டாது. மேட்டுத் தெருவுக்குத்தான் மொதல்ல கேஸ் அடுப்பு வந்துச்சு. புகை போச்சு. அங்கதான் மொதல்ல அழுக ஆரம்பிச்சது." வீடு வீடாகப் போய்ப் பரண் பார்த்ததை, புகை காட்டிய பூண்டையும் காட்டாத பூண்டையும் அடுத்தடுத்து நட்டுப் பார்த்ததைச் சொல்லச் சொல்ல அவள் முக்காடு தோளுக்கு இறங்கிவிட்டது. அது அவளுக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

அவள் முடித்ததும் முதல்வர் மைக்கை இழுத்தார். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது.

"அப்ப இத யாரு எழுதுனா?"

விடுதி மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. முதல்வருக்கு ஏன் என்று இன்றுவரை தெரிந்திருக்காது.

மப்ளர் சாரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் பாத்திமாவிடம், "எங் கைடு எனக்கு அந்த நன்றிகூடப் போடலம்மா" என்று சொல்லிவிட்டு, ஆய்விதழுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாராம். திருத்திய பிரதியில் பாத்திமாவின் பெயர் முதலில் வந்தது, அவருடையது கடைசியில். முதல்வரின் பெயர், அவருடைய வயிற்றின் நன்மை கருதி, எடுக்கப்பட்டது. அதோடு பெயர் எடுக்கப்பட்ட மப்ளர் சாரின் மனைவி எங்கள் விடுதிக்கு ஒரு பாட்டில் பூண்டு ஊறுகாய் கொடுத்தனுப்பினார். மூடியில் தம் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்.

பாத்திமா, கட்டுரையில் அக்காவின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். "அடி செருப்பால!" என்றார் அக்கா. "நான் ஒரு பல்லுப் பூண்டு உரிச்சிருப்பனா? ஒன்ன எதுக்குடீ மேடையேத்துனேன்?"

இப்படி ஊர்ப் பெயர்களையெல்லாம் உரிய இடத்தில் உட்கார வைத்த மனுஷி, தம் ஆய்வேட்டை எழுதி முடித்ததும் முட்டிக்கொண்டு நின்றார். முதல் பக்கத்தில் ஓர் உறுதிமொழி இருக்கும். 'இந்த ஆய்வேடு முழுவதும் என் சொந்தப் படைப்பு என உறுதி கூறுகிறேன்.' கீழே கையெழுத்து. எல்லாரும் படிக்காமலே போடும் கையெழுத்து. அக்கா படித்துவிட்டார்.

"பொய்டீ இது" என்றார். "போளூர்க்காரங்க சொன்னது, கணக்கு வாத்தியார் சொன்னது, நீ சொன்னது, அந்தப் பிளம்பர் சொன்னது. முழுசும் எஞ் சொந்தம்னு எப்பிடிக் கூசாமச் சொல்றது?"

உறுதிமொழியில் 'முழுவதும்' என்பதை அடித்து 'பெரும்பாலும்' என்று எழுதி அலுவலகத்தில் நீட்டினார். அலுவலகத்தில் இருந்தவர் சுப்பையா அண்ணன். பொறுமைசாலி.

"மேடம், இதுல 'பெரும்பாலும்' போட்டா, பட்டமும் பெரும்பாலும்தான் கெடைக்கும்."

அடுத்த முறை, தமக்கு ஒரு வார்த்தை சொன்னவர்கள் அத்தனை பேரையும் முகப்பில் ஆசிரியர்களாகப் போட்டுக் கொண்டுபோனார். வாத்தியார் பயந்து கொடுத்த பிஸ்கட்வரை அதில் இருந்தது. சுப்பையா அண்ணன் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு கையெழுத்துக்காக பைல் சும்மா கெடக்கு மேடம். வெள்ளிக்கெழமையோட பதிவு காலாவதி. அப்புறம் நானே நெனச்சாலும் முடியாது."

வேலையை விட்டுவிட்டு வந்தவர். பதிவு போனால் எல்லாம் போனது. எங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவுக்கும் பயம்தான். சாப்பிட வரவில்லை. சுவரில் புதிதாக ஒட்டிய அறிவிப்பைக்கூட யார் எழுதியது என்று கேட்காமல் கடந்து போனார். அப்போதுதான் நிஜமாகவே பயந்தோம். நான் கெஞ்சினேன், வார்டன் திட்டினார், விசாலாட்சி அழுதாள். "பொய்யில கையெழுத்துப் போட்டு டாக்டராகி என்னடீ பண்ண?" என்றார் அக்கா.

பழனிக்குப் போயிருந்த பாத்திமா வியாழக்கிழமை மதியம் வந்தாள். கட்டுரையின் முதல் பக்கத்தை அவள் அத்தா கடையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். விஷயத்தைக் கேட்டுவிட்டு அக்காவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, பூண்ட நானா கண்டுபிடிச்சேன்?"

"இல்ல."

"புகை விஷயம் எனக்கு எப்பிடித் தெரியும்? அவங்க சொன்னாங்க. நான் கேட்டேன், சோதிச்சேன், எழுதுனேன். அப்ப எங்க அத்தா கடையில தொங்குதே எம்பேரு, அது பொய்யா? நான் பொய்க்காரியா?"

"ச்சீ! அப்பிடி இல்லடீ." அக்கா பதறிவிட்டார். "அதுல ஒரு தப்பு இருந்தா நாளைக்கு ஒன்னத்தான வந்து கேப்பாங்க? பூண்டுக்காரனையா கேப்பாங்க? பதில் சொல்றவதான்டீ..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார்.

பாத்திமா ஆய்வேட்டைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். "இதுல தப்பு இருந்தா யாரக் கேக்கணும்?"

அக்கா முதல் பக்கத்தைத் திறந்து உறுதிமொழியை இன்னொரு தடவை படித்தார்.

"என்னத்தான்" என்றார் அக்கா.

"அப்ப போடுங்க."

போட்டார். முழுப் பெயரையும், இனிஷியலோடு. பேனாவை நான்தான் கொடுத்தேன். சுப்பையா அண்ணன் அந்தக் கையெழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைலில் வைத்தார்.

வாய்மொழித் தேர்வு நாளில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "இந்த மேற்கோளைத் தவறான நூலுக்கு நேராகப் போட்டிருக்கிறீர்களே. இது யார் தவறு?"

அக்கா துள்ளி எழுந்தார். முகமெல்லாம் பல்.

"என் தப்புங்க! சத்தியமா என் தப்பு! டைப் அடிச்சவங்களோ கைடோ யாரும் இல்ல. நானே, தனியா, பண்ணுனதுங்க!"

ஒரு தவற்றை இவ்வளவு பெருமையோடு உரிமை கொண்டாடிய ஆராய்ச்சியாளரைத் தாம் கண்டதில்லை என்று தேர்வாளர் அறிக்கையில் எழுதினார். பட்டம் கொடுத்துவிட்டார்கள். முழுசாக.

அக்கா இப்போது தெற்கே, வெயில் கொளுத்தும் ஓர் ஊரில் பேராசிரியர். பாத்திமா மேல்மலையிலேயே பூண்டோடு இருக்கிறாள். நான் சென்னைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் மார்கழியில், கொடைக்கானலில் புல்லெல்லாம் உறைபனி என்று டி.வி.யில் சொன்னால் போதும், காலையிலேயே அக்காவிடமிருந்து போன் வந்துவிடும். "ஏண்டீ, அங்க பனியாமே? ஸ்வெட்டர் போட்டிருக்கியா?" நான் மலையைவிட்டு இறங்கிவிட்டேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்பார். நானும் ஃபேனுக்கு அடியில், கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "போட்டிருக்கேன்க்கா" என்பேன்.